என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்ற அல்போன்ஸ் அத்தான்

ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. அல்போன்ஸ் அத்தான் காலமான செய்தி வந்த நேரம், நான் இன்னொருத்தியின் கல்யாண பிளவுசுக்குள் மாட்டிக்கொண்டு நின்றேன்.

வெள்ளவத்தையில் நான் தைக்கிற கடையில், கனடாவுக்குப் போகவிருக்கும் மணப்பெண் ஒருவருக்குத் தங்கநிறப் பட்டில் பிளவுஸ் தயாராகிக்கொண்டிருந்தது. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கண்ணாடிக்கு முன்னால் ஒருதரம் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். அந்தப் பிள்ளை முருங்கைக்காய். நான் பலாப்பழம். சட்டைக்கை முழங்கை வரை ஏறியது. அதற்கு மேல் போகவுமில்லை, திரும்பி வரவுமில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி நான் நிற்க, தொலைபேசி அடித்தது. முதலாளி அம்மா வந்து எடுத்து, என் கோலத்தைப் பார்த்து, ரிசீவரை என் காதில் பிடித்தார்.

"றீற்றா, அத்தான் போயிட்டார்." திரேசா அக்காவின் குரல். "விடிய தேத்தண்ணி குடிச்சவர். நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு கதிரையில இருந்தவர். அவ்வளவுதான்."

கண்ணைத் துடைக்கக்கூடக் கை வரவில்லை. பிறகு முதலாளி அம்மா தையலைப் பிரித்துத்தான் என்னை வெளியே எடுத்தார். இந்தக் கதையை அத்தான் கேட்டிருந்தால் கொச்சிக்கடை வரைக்கும் கேட்கச் சிரித்திருப்பார்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அல்போன்ஸ் அத்தான் கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகத்தில் சூப்பவைசராக வேலை பார்த்தவர். திரேசா அக்காவின் கணவர். இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பனார். என்னைக் கட்டியவனின் மூத்த சகோதரர். அந்தக் கட்டியவனின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை, இந்த நினைவு மலருக்கு மை வீண். மரியாதை வைத்து எழுதவும் கை வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் போடுகிறோம், சின்னம்மா, நீங்களும் எழுதுங்கோ என்று அத்தானின் மூத்த மகள் மெர்லின் கேட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழைகளைத் தான் திருத்தித் தருவதாகச் சொன்னாள். பிழைகளைத் திருத்து மகள், கோபத்தைத் திருத்தாதே என்று கேட்டுக்கொண்டேன்.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. இதே மலரின் முதல் பக்கத்தில் எங்கள் கோயில் பங்குச் சங்கத் தலைவர் அஞ்சலி எழுதியிருக்கிறார். "ஆண்மைக்கு இலக்கணம், குடும்பத்தைக் கட்டிக்காத்த சிங்கம், தம்பியைக் கைவிடாத தமையன்." வாசித்திருப்பீர்கள். வாசித்ததைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். நான் எந்தச் சிங்கத்தோடும் பழகவில்லை.

நான் கல்யாணமாகிக் கொட்டாஞ்சேனைக்கு வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அப்போது அவருக்குப் பெரிய மீசை. ஆட்டிறைச்சிக் குழம்பு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அத்தான், மீசைக்குத் தனியா ஒரு பிளேட் வைக்கவோ? அதுவும் வந்ததில இருந்து சாப்பிட்டுக்கொண்டுதான இருக்கு."

அத்தான் என்னைப் பார்த்தார், மீசையைத் தொட்டுப் பார்த்தார், பிறகு புரைக்கேறும் வரை சிரித்தார். "திரேசா, கேட்டனீரோ? இவ்வளவு வருசமா நீர் சொல்லாமல் வச்சிருந்ததை இவள் வந்த உடனே சொல்லிப்போட்டாள்!"

"நான் சொன்னனான்," என்றார் அக்கா. "உங்களுக்குத்தான் மீசை காதையும் மறைச்சுப்போட்டுது."

அவர்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். கதவு சாத்தியதும் எனக்கு முதலாவது அறை விழுந்தது. "என்ர அண்ணனையே பகிடி பண்ணுற அளவுக்கு வந்திட்டியோ?" பகிடி யாரைப் பற்றியதோ அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அதில் சம்பந்தமில்லாதவனுக்கு நொந்தது. ஆம்பிளையின் அளவை நான் அன்றைக்குத்தான் எடுத்தேன். இன்றைக்கும் தைக்க வரும் மணப்பெண்களுக்கு இடுப்பளவு எடுக்கும்போதே சொல்லுவேன்: "மிஸ், மாப்பிள்ளையை ஒருக்கால் பகிடி பண்ணிப் பாருங்கோ. சிரிக்கிறாரோ எண்டு பாத்துப்போட்டுப் பிறகு கழுத்தளவைச் சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு அடி பழகிப்போயிற்று. பழகிப்போயிற்று என்று எழுதுவதற்கே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு ரவுண்டப் காலம் வந்தது. எங்கேயாவது குண்டு வெடித்தால் மறுநாள் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வீடு வீடாகச் சோதனை. ஆம்பிளைகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒருநாள் என் வீட்டு ஆளையும் கொண்டு போனார்கள். வீட்டில் மகள் கைக்குழந்தை. நான் அவளைத் திரேசா அக்காவிடம் கொடுத்துவிட்டுப் பொலிசுக்குப் புறப்பட்டேன். அத்தான் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

"நீங்க வராதையுங்கோ அத்தான். உங்களையும் சேத்து உள்ள போட்டிடுவாங்கள்."

"உள்ள நான் வரேல்ல, பிள்ளை. உனக்குத்தான் சிங்களம் தண்ணி மாதிரி வரும். நீ போய்க் கதை. நான் றோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கிறன். அந்தப் பையைத் தா, உள்ள கொண்டு போனா அவங்கள் கிண்டிக்கொண்டு நிப்பாங்கள்."

என் கைப்பை சிவப்பு நிறம். பொத்தானுக்குப் பதிலாக ஒரு பூ வைத்தது. பொலிஸ் நிலையத்துக்கு எதிரே, தமிழ் ஆம்பிளைகள் எவரும் நிற்கத் துணியாத இடத்தில், அந்தப் பையைத் தோளில் கொழுவிக்கொண்டு அத்தான் உச்சி வெயிலில் நின்றார். தெரிந்தவர்கள் போகும்போது பையை முதுகுக்குப் பின்னால் மறைக்கவில்லை. அன்றிலிருந்து சங்கத்து ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் "ஹான்ட்பேக் அல்போன்ஸ்". இப்போது சிங்கம் என்று எழுதுகிறார்களே, அதே ஆட்கள்.

உள்ளே சார்ஜன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். கெஞ்சிப் பார்த்தேன், அழுது பார்த்தேன், சரிவரவில்லை. கடைசியில் என் வாய்தான் உதவிக்கு வந்தது. "சேர், மே மினிஹாட்ட தே எக்கக்வத் ஹதன்ன பே. போம்பயக் கொஹொமத ஹதன்னே?" இந்த மனிசனுக்கு ஒரு தேத்தண்ணிகூடப் போடத் தெரியாது சேர், குண்டு எப்படிச் செய்வான் என்று கேட்டேன். சார்ஜன் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். பின்னேரம் ஆளை விட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவன் செய்த முதல் வேலை என் வாயை உடைத்தது. "சிங்களவனோட நிண்டு இளிக்கிறியா? என்னைத் தேத்தண்ணி போடத் தெரியாதவன் எண்டு சிரிக்க வைக்கிறியா?" அந்தச் சிரிப்பில்தான் அவன் வெளியே வந்தான். அந்தச் சிரிப்புக்குத்தான் எனக்கு உதடு கிழிந்தது. இத்தனை வருடம் கழித்தும் இதை எழுதும்போது பேனா தாளைக் குத்துகிறது.

அடுத்த நாள் குழந்தையைக் கொண்டுவந்த அத்தானும் அக்காவும் என் முகத்தைப் பார்த்தார்கள். அத்தான் சட்டைக்கையை மடித்தார்.

"எங்க அவன்? இண்டைக்கு அவன்ர கையை முறிக்கிறன்."

திரேசா அக்கா வாசலை மறித்தார். "முறியுங்கோ. முறிச்சுப்போட்டு வீரமா வீட்ட வாங்கோ. நாளைக்கு மற்றக் கையால இவளுக்கு அடிப்பான். அடிக்கு அடி உங்கள் ரெண்டு பேருக்கும் சரி. இவளுக்கு என்ன கிடைக்கும்? ஒருக்காலாவது இவளைக் கேட்டனீங்களோ?"

அத்தான் மடித்த சட்டைக்கையோடு நின்றார். பிறகு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். நான் கட்டிலில், அவர் தரையில்.

"பிழைதான். சொல்லு பிள்ளை. உனக்கு என்ன வேணும்?"

அந்த வீட்டில் யாரும் என்னிடம் அதற்கு முன் கேட்டிராத கேள்வி அது. எனக்கே பதில் தெரியாது என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் பதில் தயாராக இருந்தது.

"எனக்கு இந்த வீடு வேணும் அத்தான். நானும் பிள்ளையும் இஞ்ச இருக்கவேணும். அவன் வெளியில போகவேணும். எப்ப பாத்தாலும் அடி வாங்கினவள்தான் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்ட போறது. இந்த முறை அடிச்சவன் போகட்டும்."

வெளிநாட்டில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். ஏன் பொலிசில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கொழும்பில் அந்த நாட்களில் ஒரு தமிழனின் பெயரைப் பொலிசில் கொடுத்தால், அது மனைவிக்கு அடித்த வழக்காக முடியும் என்று ஒருவரும் சொல்ல முடியாது. உள்ளே போனவன் எங்கே போனான் என்று தேட வேண்டியும் வரலாம். எனக்கு அவன் காணாமல் போக வேண்டாம். அடிக்காமல் இருந்தால் போதும். இது அவனுக்கும் தெரியும். சங்கத்து ஐயாமாருக்கு நன்றாகவே தெரியும். "இந்த நேரத்தில எங்கட பெடியனை நீயே காட்டிக் குடுக்கிறதோ?" என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் எத்தனை ஆம்பிளைகள் குளிர்ச்சியாக ஒளிந்திருந்தார்கள்! ஊர் எரிந்துகொண்டிருந்தது, அவர்கள் அந்த நெருப்பில் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

அத்தான் செய்தது இதுதான். தம்பியைக் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "இனி நீ என்னோட. என்ர அறையில படு. அந்த வீட்டு வாசலுக்கு றீற்றா கூப்பிட்டால் ஒழியப் போகக்கூடாது." அந்த நாட்களில் தமிழர் எங்கே தங்கினாலும் பொலிசில் பதிய வேண்டும்; தம்பியின் இருப்பிடம் மாறியதைத் தானே போய்ப் பதிந்தார். மறுநாள் காலை தம்பி கட்டிலில் இருந்து, "அக்கா, தேத்தண்ணி" என்று கூப்பிட்டிருக்கிறான். அத்தான் தண்ணீர் கொதிக்கவைக்கும் வெறும் கேத்திலைக் கொண்டுபோய் அவன் மடியில் வைத்தார். அந்த வீட்டில்தான் அவன் தேத்தண்ணி போடப் பழகினான். நன்றாகப் போடுவானாம். நான் குடித்ததில்லை.

பின்னேரங்களில் குடித்துவிட்டு என் வாசலுக்கு அவன் வந்தால், அத்தானும் பின்னாலேயே வருவார். அடிக்க மாட்டார், சத்தம் போட மாட்டார். "வா தம்பி, வீட்ட போவம்." அவன் என்ன ஏசினாலும் திரும்பத் திரும்ப அதையே சொல்லுவார். எவ்வளவு அசிங்கமான ஏச்சு என்றால் எங்கள் ஒழுங்கையில் இருந்த காகங்கள்கூடப் போய்விட்டன. அத்தான் போகமாட்டார்.

சங்கத்துக்கு இது பொறுக்கவில்லை. தம்பி மனைவிக்காகத் தம்பியையே கிளப்பினவன் என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கவேண்டும் என்று கதை கட்டினார்கள். திரேசா அக்கா அடுத்த ஞாயிறு பூசைக்கு என் கையைக் கோத்துக்கொண்டு கோயிலின் நடுப் பாதையால் நடந்தார், முன் வாங்கில் என்னைத் தன் பக்கத்தில் இருத்தினார். "சிரி," என்று என் காதுக்குள் சொன்னார். "நல்லாப் பல்லுத் தெரியச் சிரி. பாத்து எரியட்டும்." அத்தானைப் பற்றி எழுத வந்த இடத்தில் அக்காவைப் பற்றி எழுதுகிறேன் என்றால், அவர் மனிதரானதில் பாதி அக்காவின் வேலை. அதை அவரே எல்லோரிடமும் சொல்லுவார்.

பிறகு பங்கு மண்டபத்தில் கூட்டம் வைத்து அத்தானைக் கூப்பிட்டார்கள். குடும்பத்தைப் பிரிக்கிறாராம். தம்பியைத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். தலைவர் பேசினார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். அத்தான் எழும்பினார்.

"அனுப்பிறதும் அனுப்பாததும் நான் சொல்லிற விசயம் இல்லை. ஆள் இஞ்ச இருக்கு. பிள்ளை, பையைத் தா. நீ கதை."

அந்த மண்டபம் நிறைந்த ஆம்பிளைகளுக்கு முன்னால் மறுபடியும் என் சிவப்புக் கைப்பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சிலர் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டால் என் நாக்குக்குத் தைரியம் வந்துவிடும்.

"ஐயாமாரே," என்றேன், "ரவுண்டப் வந்தா உங்கட வீடுகளில கதவு திறக்கிறது ஆர்? பொம்பிளை. அடையாள அட்டையைக் காட்டிக் கதைக்கிறது ஆர்? பொம்பிளை. பொலிஸ் வாசலில நாள் முழுக்கக் காய்ஞ்சு உங்களை மீட்டுக்கொண்டு வாறது ஆர்? பொம்பிளை. நீங்கள் எல்லாரும் கட்டிலுக்குக் கீழ. ஆமி போனாப் பிறகுதான் வெளியில வந்து ஆம்பிளை ஆகிறியள்."

மண்டபத்தில் ஒரே ஒருவர் சிரித்தார். கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"ஓம், நானும் போன மாதம் கட்டிலுக்குக் கீழதான் இருந்தனான்," என்றார் அத்தான். "திரேசாதான் கதவு திறந்தவ." பிறகு சிரிப்பை நிறுத்தினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "செக்பொயின்றில என்னை நிப்பாட்டி வச்சு ஒருத்தன் கேள்வி கேக்கிறான். என்ன சொன்னா அடிப்பான், என்ன சொல்லாட்டி அடிப்பான் எண்டு தெரியாமல் அவன்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிக்கிறன். அந்தப் பயம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். தம்பி வீட்டுக்கு வாற நேரம் இவள் அப்பிடித்தான் நிண்டிருக்கிறாள். எங்களுக்கு வெளியில நடந்தா அநியாயம், அதையே நாங்கள் உள்ள செய்தா குடும்பமோ? நான் செக்பொயின்ற் ஆக மாட்டன். என்ர தம்பியையும் ஆக விட மாட்டன்."

கூட்டம் தேத்தண்ணி குடிக்காமலே கலைந்தது. வீடு எனக்கு நின்றது. அந்த வீட்டில்தான் மகளை வளர்த்தேன். அங்கே இருந்துதான் பஸ் பிடித்து வெள்ளவத்தைக்குத் தைக்கப் போனேன். பேலியகொடையில் மீன் மொத்த வியாபாரி ஒருவரிடம் வேலை கிடைத்த பிறகு தம்பிக்காரன் அங்கே ஒரு அறை எடுத்துக்கொண்டு போனான். அண்ணன்காரர் அதற்குப் பிறகும் மாதாமாதம் போய் அவனைப் பார்த்தார். தலைவர் எழுதியதில் அது ஒன்று மட்டும் உண்மை, கைவிடவில்லைத்தான். ஆனால் எதற்காக எங்கே கூட்டிக்கொண்டு போனார் என்பதை அந்தப் பக்கத்தில் தேடிப் பார்த்தேன். ஒரு வரி இல்லை. என் பெயரும் இல்லை.

கடைக்குத் தைக்க வருகிற, பெண்கள் அமைப்பொன்றில் வேலை செய்யும் மிஸ் ஒருவர் எனக்குப் பழக்கம். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, உங்கட அத்தான் ஒரு பெண்ணியவாதி என்றார். நான் அதை அத்தானிடம் கொண்டு போனேன்.

"அத்தான், நீங்க பெண்ணியவாதியாம்."

துறைமுகத்து யூனியன்காரர் அல்லவா, சந்தேகமாகப் பார்த்தார். "அது எந்தக் கட்சியின்ர யூனியன்?"

விளங்கப்படுத்தினேன். கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். "அது நீங்கள் பிடிக்கிற கொடி, பிள்ளை. அதைப் பறிச்சு நான் முன்னுக்குப் பிடிச்சுக்கொண்டு போனா, அதுவும் பழைய ஆம்பிளை வேலைதான். நான் பையைப் பிடிக்கிறன்."

அடக்கத்தன்று நடந்ததையும் எழுதி முடித்துவிடுகிறேன். அந்த வாரம் நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. சந்திக்குச் சந்தி சோதனை. இளம் பெடியள் வெளியே வரவில்லை, அதற்கு நான் ஒருவரையும் குறை சொல்லமாட்டேன். சவப்பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும். துறைமுகத்தில் அவரோடு வேலை செய்த கிராண்ட்பாஸ் பக்கத்து முஸ்லிம் நானா ஒருவரும், சிங்கள நண்பர் ஒருவரும் வந்திருந்தார்கள். சங்கத் தலைவருக்கு இடுப்புப் பிடிப்பு. மற்றச் சங்கத்தாருக்கும் அன்றைக்கென்று இடுப்பு, முழங்கால், தோள் எல்லாம் பிடித்திருந்தது.

"அப்ப பிள்ளையள் தூக்கட்டும்," என்றார் திரேசா அக்கா. மெர்லினும் தங்கச்சியும் முன்னுக்கு வந்தார்கள். நானும் போய் இடப்பக்கக் கைபிடியைப் பிடித்தேன்.

"பொம்பிளையள் தூக்கிறதோ? எங்கட ஆக்களில அப்பிடி ஒரு வழக்கமே இல்லை," என்று தலைவர் இடுப்பைப் பிடித்தபடி சொன்னார். பிறகு பின்னால் திரும்பி, பேலியகொடையில் இருந்து வந்து நின்றவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து என் பக்கத்தில் விட்டார். சொந்தத் தம்பி அல்லவா.

அவன் என்னைப் பார்த்தான். முகத்தில் அதே பழைய பார்வை. வெளியே ஒருவருக்கும் கேளாமல் சொன்னான்: "நீ விலகு."

எனக்கு அந்த ஒரு கணம் உதடு தானாகவே பல்லுக்குள் போனது, அடிக்கு முன்னால் போகிற மாதிரி. பிறகு அத்தானின் முகத்தைப் பார்த்தேன். பெட்டி இன்னும் மூடவில்லை, மீசையை யாரோ அழகாகச் சீவி விட்டிருந்தார்கள். நான் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"நீ விலகு."

அவன் தலைவரைப் பார்த்தான். தலைவர் கூரையைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். அந்த இடத்துக்கு என் மகள் வந்து நின்றாள். ஆறு பேரில் நாலு பேர் பெண்களாக, அவரை ஒழுங்கையால் தூக்கிக்கொண்டு போனோம். பாரமான மனிதர். ஒருவரும் தடுமாறவில்லை.

சேமக்காலையில் சாமியார் செபம் சொல்லி முடித்ததும் கயிற்றில் இறக்கினார்கள். அத்தான், இந்த முறை நீங்கள் ஒருவரின் பையையும் பிடிக்கத் தேவையில்லை, கையை வீசிக்கொண்டு போங்கள் என்று மனதுக்குள் சொன்னேன். உங்களைச் சிங்கம் என்கிறவர்களை நாங்கள் இங்கே பார்த்துக்கொள்கிறோம். வீட்டுக் கதவு எனக்குத் திறந்திருக்கிறது, சிரிக்கிற நேரம் சிரிக்கிறேன். போய் வாருங்கள்.

ஒரு பிடி மண் போடக் குனிந்தபோது விளிம்புக்குக் கிட்டப் போய்விட்டேன். இடக்கால் செருப்புக் கழன்று குழிக்குள் விழுந்தது. குழி வெட்டுகிறவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் மண்ணைத் தள்ளினார். நான் ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

புதுச் செருப்பு.